வெற்றுச் சில்லும் எழுதிய சில்லும்

பழுதான பொருளை வீசியெறிவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நம்மவர் வழக்கம். ஈயம் பூசுவோரும், குடை பழுதுபார்ப்போரும், அம்மி கொத்துவோரும் வாசல்தோறும் வந்து குரல் கொடுத்த நாட்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். இன்று அந்தக் குரல்கள் அருகிவிட்டன. ஆயினும் வழக்கம் அழிந்துவிடவில்லை. அது வாசலை விட்டுக் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறது. அதன் புதிய வடிவம் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

கடைகளிலும் வீடுகளிலும் காவலுக்காகக் காமிராக்கள் பொருத்துவது இப்பொழுது பெருகியிருக்கிறது. அக்காமிராக்கள் காணும் காட்சிகளைச் சேர்த்துவைப்பது டி.வி.ஆர். எனப்படும் பதிவுப் பெட்டி. புதியது வாங்க வசதியில்லாதார் பழையதை வாங்குகின்றனர். பழையது ஒருநாள் நின்றுவிடுகிறது. பல வேளைகளில் அதற்குக் காரணம், சுண்டுவிரல் நகத்தினும் சிறிய ஒரு நினைவகச் சில்லு. அதற்கு மாற்றுச் சில்லைத் தேடிப் போகிறவர்கள் உண்மையில் தேடவேண்டியது எது என்பதைத் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், பொருளும் மிஞ்சும். சில சமயங்களில் பணத்தால் வாங்க முடியாத ஒன்றும் மிஞ்சும். கோலார் தங்கவயலில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இதை விளக்குவோம்.

தங்கவயலைப் பற்றி நேயர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. ஜான் டெய்லர் கம்பெனியார் 1880இல் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கிய பின்னர், வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம்மவர் திரள்திரளாகச் சென்று குடியேறினர். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் 147 கிலோமீட்டர் கம்பி வழியே வந்து சுரங்க யந்திரங்களை இயக்கிற்று. 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலே பாறையை உடைத்த அந்தத் தொழில், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நின்றுபோயிற்று. இன்று தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர்.

அப்படிச் சென்றுவரும் ஒருவர் நமக்கு மைத்துனர் முறை. அவருடைய தந்தையார், அதாவது நம் மாமா, சுரங்கம் மூடும் வரையில் அதில் உழைத்தவர். சுரங்கத் தூசு நெஞ்சில் தங்கிய பலருள் அவரும் ஒருவர். சாம்பியன் ரீப் பகுதியில் வீட்டுத் திண்ணையை ஒட்டி ஒரு சிறு பெட்டிக்கடை வைத்து அவரும் அத்தையும் காலம் கழித்தனர். மகன் பெங்களூரிலிருந்தபடியே தந்தையின் நலத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்வதற்காக, பழைய பதிவுப் பெட்டி ஒன்றையும் நான்கு காமிராக்களையும் வாங்கிப் பொருத்தியிருந்தார்.

மாமா காலமானார். ஐந்தாம் நாள் இரவில் மின்சாரம் பலமுறை போய்ப் போய் வந்தது. மறுநாள் அந்தப் பெட்டி நின்றுவிட்டது. திரையில் கம்பெனியின் சின்னம் தோன்றும், மறையும், மீண்டும் தோன்றும். அதற்கு மேல் நகராது. பதினாறாம் நாள் காரியத்துக்கு நாம் சென்றிருந்தபோது மைத்துனர் இதைச் சொன்னார். அந்தப் பெட்டி ஏறத்தாழ 12 நாட்களின் காட்சிகளை வைத்திருக்கும். வட்டு நிறைந்ததும் மிகப் பழைய காட்சியை அழித்து அதன்மேல் புதியதை எழுதும். ஐந்தாம் நாள் இரவில் நின்றுவிட்டமையால், மாமா உயிரோடிருந்த கடைசி ஒரு வாரம் அதற்குள் அழியாமல் கிடந்தது. பெட்டி பழுதாகாமல் ஓடிக்கொண்டிருந்தால், காரியம் முடிவதற்குள் அந்த வாரம் முழுவதும் அழிந்திருக்கும். மாமா நடமாடும் படம் வேறொன்றும் அவர்களிடம் இல்லை. சட்டமிட்டு மாலை சூட்டியிருந்தது, சுரங்க அடையாள அட்டையிலிருந்த சிறு படத்தைப் பெரிதாக்கியதுதான்.

பெட்டியினுள் இருந்த வட்டைக் கழற்றிக் கணினியில் இணைத்துப் பார்த்தார் மைத்துனர். இத்தகைய பெட்டிகள் பலவும் தமக்கே உரிய முறையில் வட்டில் எழுதுவதால், கணினிக்கு அது புரியவில்லை. வட்டைப் புதிதாக ஒழுங்குபடுத்தட்டுமா என்று கேட்டது. நல்லவேளையாக மைத்துனர் 'ஆம்' என்று அழுத்தாமல், வட்டையும் பெட்டியையும் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் எடுத்துச் சென்றார். நாமும் உடன் சென்றோம்.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். இளமையில் சுரங்கத்தின் மின்பகுதியில் தொழில் பழகியவர். சுரங்கம் மூடிய பின்னர் வானொலி, தொலைக்காட்சி என்று தொடங்கி இதற்கு வந்து சேர்ந்தவர். வட்டைக் கையில் வாங்கியதும், "தம்பி, முதல்லே இதுக்கு ஒரு நகல் எடுத்துடுவோம். பெட்டியை அப்புறம் பார்ப்போம்" என்றார். வட்டில் உள்ளதை அப்படியே இன்னொரு வட்டில் படியெடுக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆயிற்று. மூல வட்டை உறையிலிட்டு மேசை அறையில் வைத்துப் பூட்டிய பிறகே அவர் பெட்டியின் பக்கம் திரும்பினார்.

இங்கே பெட்டியின் உட்பாகங்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பதிவுப் பெட்டியில் மூன்று வகை நினைவகங்கள் உள்ளன. காட்சிகள் தங்குவது வட்டில். பெட்டி ஓடும்போது தற்காலிகமாகப் பயன்படுவது 'ராம்' எனப்படும் சில்லு. மின்சாரம் போனால் அதிலிருப்பது போய்விடும். மூன்றாவது ஃப்ளாஷ் சில்லு. மின்சாரம் வந்தவுடன் என்ன செய்யவேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லும் கட்டளைகள் முழுவதும் இதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. இவ்வகை நினைவகத்தை டோஷிபா கம்பெனியில் பணிபுரிந்த ஜப்பானியப் பொறியாளர் ஃபூஜியோ மசுவோக்கா 1984இல் உலகுக்கு அறிவித்தார். மின்சாரம் இல்லாமலே பல்லாண்டுகள் எழுத்தைக் காக்கவல்லது. ஆனால், எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் அறுந்தால், எழுத்துச் சிதைவது உண்டு.

பழுதுபார்ப்பவர் முதலில் சில்லைத் தொடவே இல்லை. 12 வோல்ட் மின்னூட்டி சரியாக உள்ளதா, மின்தேக்கிகள் உப்பியுள்ளனவா என்றெல்லாம் பார்த்தார். நின்றுபோன பெட்டிகளில் பல, இந்த இரண்டிலேயே சரியாகிவிடுமாம். அவை நன்றாயிருந்தமையால், வெப்பக்காற்றுக் கருவியால் எட்டுக் கால்களுடைய அந்த ஃப்ளாஷ் சில்லைக் கழற்றி, புரோகிராமர் என்னும் சிறு கருவியில் வைத்து, உள்ளிருந்ததை மும்முறை படித்தார். மூன்று படிகளும் ஒத்திருக்கின்றனவா என்று கணினியில் சரிபார்த்துச் சேமித்தார். சிதைந்த எழுத்தாயிற்றே, இதை எதற்குச் சேமிக்கிறீர் என்று கேட்டோம். சிதைந்தது ஒரு மூலையாக இருக்கலாம் என்றும், அந்தப் பெட்டிக்கே உரிய எண்ணும் முகவரியும் வேறெங்கும் கிடைக்கமாட்டா என்றும் விடையளித்தார்.

பிறகு சில்லை முழுதும் அழித்துச் சோதித்தார். அழித்த சில்லில் ஒவ்வோரிடமும் 'ஒன்று' என்றே விடை தரவேண்டும். ஒரு பகுதியில் மட்டும் சில இடங்கள் சுழியாகவே நின்றன. அந்தச் சில்லு இனி உதவாது என்பது தெளிவாயிற்று. பல பெட்டிகளில் சில்லு நன்றாயிருந்து எழுத்து மட்டும் சிதைந்திருக்கும். அவற்றில் அதே சில்லிலே திரும்ப எழுதினால் போதும். இங்கே புதுச் சில்லும் வேண்டும், சிதையாத எழுத்தும் வேண்டும்.

சில்லு வாங்கும் வேலை மைத்துனரைச் சேர்ந்தது. அவர்தாம் நாள்தோறும் பெங்களூர் செல்கிறவர். நகர மண்டபத்துக்கு அருகிலுள்ள எஸ்.பி. சாலையில் இத்தகைய சில்லு அப்போது நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. ஆனால் எச்சரிக்கை வேண்டும். மேலே 128 என்று பொறித்திருந்தால் அது 128 மெகாபிட். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட்டாகையால், அதன் கொள்ளளவு 16 மெகாபைட்டே. இதை அறியாமல் மாறி வாங்குவோர் பலர். அடுத்து, எண்ணுக்குப் பின் வரும் எழுத்துகளைப் பார்க்கவேண்டும். வின்பாண்ட் சில்லுகளில் 'ஜேவி' என்று முடிவது 3.3 வோல்ட்டில் இயங்குவது. 'ஜேடபிள்யூ' என்று முடிவது 1.8 வோல்ட்டுக்கு உரியது. உருவத்தில் இரண்டும் ஒன்றே. மாற்றிப் பொருத்தினால் சில்லு கெட்டுவிடக்கூடும்.

முதல் நாள் வாங்கி வந்த சில்லை எழுதிப் பார்த்தபோது, இரண்டாம் பாதியில் முதற்பாதியே மறுபடி தோன்றிற்று. 64 மெகாபிட் சில்லின் மேல் யாரோ 128 என்று பொறித்து விற்றிருக்கின்றனர். வாங்கிய சில்லை முழுதும் எழுதி முழுதும் படித்துப் பார்த்தாலன்றி இந்தப் புரட்டு வெளிப்படாது. மறுநாள் வேறொரு கடையில் நல்ல சில்லு கிடைத்தது.

ஆனால் அது வெற்றுச் சில்லு. மாமாவின் பெட்டியை எழுப்ப அதனால் ஆகாது. அதில் எழுதவேண்டிய கட்டளைத் தொகுதி எங்கே கிடைக்கும்? பெட்டியைச் செய்த கம்பெனியின் பணிமனையில் மைத்துனர் உசாவினார். அந்த மாதிரி நின்றுபோய்ப் பல ஆண்டுகளாயின, கோப்பு தருவதற்கில்லை, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்று விடை கிடைத்தது. உயிரோடிருக்கும் பெட்டிக்குச் சொன்னால் அது நியாயமான யோசனையாகவும் இருக்கலாம். இந்தப் பெட்டிக்குள் இருந்த வாரத்தைப் புதுப்பெட்டி படிக்கும் என்பதற்கு உறுதி ஏது?

பழுதுபார்ப்பவரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. தாம் திறந்த ஒவ்வொரு பெட்டியின் பலகையிலும் அச்சிட்டிருக்கும் எண்ணை அதில் குறித்து, உள்ளிருந்த எழுத்தைக் கணினியில் படியெடுத்து வைத்திருந்தார். பலகை எண் இதிலே முக்கியம். வெளிப்பெட்டியின் பெயர் ஒன்றாயிருந்தும் உட்பலகை வேறாயிருப்பதுண்டு. பெயர் வேறாயிருந்தும் பலகை ஒன்றாயிருப்பதும் உண்டு. பக்கம் பக்கமாகத் தேடினோம். நம் பலகையின் எண் அந்த நோட்டில் இல்லை.

மூன்றாம் நாள் நாமும் மைத்துனரோடு ரயிலேறினோம். எஸ்.பி. சாலையில் பழைய பெட்டிகளைக் குவித்து விற்கும் கடைகளில் ஒவ்வொன்றாகத் திறந்து, கைப்பேசியில் எடுத்திருந்த படத்தோடு ஒப்பிட்டோம். பிற்பகல் மூன்று மணிக்கு, முற்றிலும் வேறு பெயர் தாங்கிய ஒரு பெட்டிக்குள் அதே எண் கண்டோம். அதன் இணைப்பு முனைகள் உடைந்திருந்தன, பெட்டியாகப் பயன்படாது. நமக்கு வேண்டியது அதன் எட்டுக் கால் சில்லில் இருந்த எழுத்து மட்டுமே.

அன்றிரவு ராபர்ட்சன்பேட்டையில் நடந்தது, மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நமக்கு மிகவும் பழக்கமான ஒரு வேலையாகத் தோன்றிற்று. சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்ட உ.வே. சாமிநாதையர், பல ஊர்ச் சுவடிகளைத் தேடி வாங்கி ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார் என்பதை நாம் அறிவோம். ஒரு சுவடியில் செல்லரித்த இடம் மற்றொன்றில் முழுமையாயிருக்கும். இங்கே நம் பெட்டியின் சிதைந்த படியும், வாங்கி வந்த பெட்டியின் முழுப்படியும் கணினித் திரையில் அருகருகே நின்றன. ஒவ்வொன்றிலும் 1,67,77,216 பைட்டுகள். இரண்டும் வேறுபட்ட இடங்கள் இரண்டே. ஒன்று, பெட்டியின் சொந்த எண், முகவரி, கடவுச்சொல் முதலியன இருக்கும் பகுதி. மற்றது 65,536 பைட்டுகள் கொண்ட சிதைந்த பகுதி.

வாங்கி வந்த படியை முழுதாக எழுதிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அதில் முன்னைய உடைமையாளரின் கடவுச்சொல்லும் அமைப்புகளும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு பெட்டிகளுக்கு ஒரே முகவரி அமைந்து, ஒரே வலையில் சேர்ந்தால் குழப்பமும் விளையும். ஆகவே பழுதுபார்ப்பவர் நம் படியிலே சிதைந்த 65,536 பைட்டுகளுக்கு மட்டும் மற்றதிலிருந்து எடுத்து நிரப்பினார். எஞ்சிய அனைத்தும் நம் பெட்டிக்கே உரியவை. அதைப் புதுச் சில்லில் எழுதி, மீண்டும் படித்துச் சரிபார்த்து, பலகையில் பற்றவைத்தார்.

மின்சாரம் கொடுக்கும்போதும் அவர் பதறவில்லை. முதலில் வட்டில்லாமலே பெட்டியை இயக்கினார். சின்னம் தோன்றிற்று, மறைந்தது, தெரிவுப் பட்டியல் வந்தது. நாள், நேரம் சரிசெய்தார். நான்கு காமிராக்களின் கம்பிகளையும் கழற்றியே வைத்தார். காமிரா இணைந்திருந்தால், பெட்டி எழுந்தவுடன் பதியத் தொடங்கும். முதலில் அழிவது மிகப் பழைய காட்சி. அந்தப் பழைய காட்சியைத்தானே நாம் தேடி வந்தோம்! கடைசியாக, மூல வட்டை அல்லாமல் நகல் வட்டைப் பொருத்தினார்.

காட்சிகள் வந்தன. ஒலி இல்லை. மாமா திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார். தெருவில் போகும் யாருக்கோ கையை உயர்த்துகிறார். ஒரு பையனுக்கு எதையோ பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்கிச் சுவரில் சாய்கிறார். அவற்றைச் சாதாரணக் கணினியும் படிக்கும் வடிவில் எடுத்து மைத்துனரிடம் கொடுத்தார் பழுதுபார்ப்பவர். மறுநாள் காலை அத்தை அதைப் பார்த்தார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாரு, பிஸ்கோத்து டப்பாவை மூடாமலே எழுந்து போறாரு" என்றார்.

நேயர்களே, பம்பாயின் லாமிங்டன் சாலை, டில்லியின் நேரு பிளேஸ், சென்னையின் ரிச்சி தெரு முதலிய இடங்களில் பழைய பெட்டி வாங்குவோரும், அவற்றைப் பழுதுபார்த்துப் பிழைப்போரும் நம்முள் பலர். அவர்களுக்குச் சில சொற்கள். பெட்டி நன்றாக ஓடும்போதே பலகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தெரிந்தவரைக்கொண்டு ஃப்ளாஷ் எழுத்தைப் படியெடுத்து இரண்டிடங்களில் வையுங்கள். வேறு கம்பெனியின் சில்லை மாற்றாக வாங்குமுன், பெட்டியின் கட்டளைத் தொகுதி அதை ஏற்கிறதா என்று விசாரியுங்கள். தனக்குத் தெரிந்த சில்லுகளை மட்டும் ஏற்கும் பெட்டிகளும் உள. ராம் சில்லு போயிற்றென்றால் யோசித்துச் செலவிடுங்கள். அதன் இணைப்புகள் அடியிலே 96 அல்லது 78 ஈயமணிகளாக இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தா. பழைய செட்டாப் பெட்டிகளிலிருந்து எடுத்து மாற்றுவோர் உண்டு என்றாலும், கைதேர்ந்தவர் வேண்டும். மேலும் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராம் சில்லுகளின் விலை உலகெங்கும் வெகுவாக ஏறியது. இன்னொன்று, பழைய பெட்டியோடு வரும் வட்டில் பிறர் வீட்டுக் காட்சிகள் இருக்கலாம். அவற்றைப் பாராமல் அழித்துவிடுவது நம் கடமை.

பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தனி வலைத்தளம் ஒன்றை இந்திய அரசாங்கம் 2022 டிசம்பரில் தொடங்கியிருக்கிறது. கம்பெனிகள் உதிரிபாகங்களையும் கையேடுகளையும் பற்றி மக்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். இந்த நோக்கம் சில்லுக்குள் இருக்கும் எழுத்துக்கும் எட்டவேண்டும். நின்றுபோன மாதிரிகளின் கட்டளைத் தொகுதியைக் கொடுப்பதனால் கம்பெனிக்குப் பெரிய நட்டம் வந்துவிடாது. கொடுக்காவிட்டால், நூறு ரூபாய்ச் சில்லு கையிலிருந்தும் நல்ல பெட்டிகள் குப்பையில் சேரும்.

நாம் விடைபெறச் சென்றபோது பழுதுபார்ப்பவர் தம் நோட்டில் நம் பலகையின் எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். முழுப்படியிலிருந்து முன்னைய உடைமையாளருக்குரிய பகுதியை நீக்கிவிட்டு, மற்றதைப் பங்காருப்பேட்டையிலும் பெங்களூரிலும் உள்ள தம் தொழில் நண்பர்களுக்கு அன்றே அனுப்பிவிட்டதாகச் சொன்னார். கூலியாக அவர் கேட்டது அறுநூறு ரூபாய். முனை உடைந்த அந்தப் பழைய பெட்டியை மட்டும், உதிரிபாகங்களுக்கு உதவும் என்று, தம்மிடமே விட்டுச் செல்லக் கேட்டுக்கொண்டார்.